பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை

பத்து மணி தாண்டிக் கால் மணி நேரம் ஆகியும் மேல் அறை விருந்தாளிகள் கிளம்பவில்லை. வாளியும் துடைப்பமுமாக வெளிப்படிக்கட்டின் அடியில் மேனா நின்றுகொண்டிருந்தாள். மேலே அந்த செக் நாட்டுக்காரர் ஒரு பெட்டியை மூடுவதும், எதையோ உள்ளே வைக்க மறந்துவிட்டோம் என்று அவர் மனைவி அதைத் திரும்பத் திறக்க வைப்பதுமாக இருந்தார்கள். மற்ற சனிக்கிழமைகளில் மேனா சிரித்துக்கொண்டே "அவசரமே இல்ல, நிதானமா போங்க" என்பாள். இன்றைக்கு அப்படிச் சொல்லவில்லை.

"ஒரு செருப்பு காணோம்," என்று அந்த அம்மாள் மேலிருந்து ஜெர்மனில் சொன்னாள். செக் மொழி மேனாவுக்குத் தெரியாது, மேனாவின் மொழி அவர்களுக்குத் தெரியாது. இருவருக்கும் அரைகுறையாகத் தெரிந்தது ஜெர்மன்தான்.

"கிடைச்சா தபால்ல அனுப்பறேன்," என்றாள் மேனா. "ரோட்ல கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி கிளம்பிடுங்க."

சொன்ன பிறகுதான் அது விரட்டுவது போல ஒலித்தது அவளுக்கே தெரிந்தது. ஒரு வாரமாக இரவும் பகலும் நல்லவர்களாக நடந்துகொண்டவர்கள். கீழே உடம்பு சரியில்லாத ஆள் இருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் மாடியில் பூனை போல நடந்தவர்கள். அந்த அம்மாள் இறங்கி வந்து மேனாவைக் கட்டிக்கொண்டு, கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். வண்டி வளைவில் மறைந்ததும் மேனா படிகளில் ஓடினாள். அறுபத்து நாலு வயதில் அவள் அப்படி ஓடியதைப் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

வேலா டிராகா என்ற அந்தக் கடலோர ஊரில் ஜூன் மாதம் பிறந்துவிட்டால் வீட்டுக்காரர் யார், விருந்தாளி யார் என்று தெருநாய்க்கே குழப்பம் வந்துவிடும். ஊரில் கடல் தெரியும் ஜன்னல் உள்ள ஒவ்வொரு குடும்பமும் தன் மெத்தை, துணிமணி, மாதா படம் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு ஒயின் பீப்பாய் வைக்கக் கட்டிய கீழறைக்கு இறங்கிவிடும். மேல் அறைகள் வாடகைக்கு வந்தவர்களுக்கு. செப்டம்பர் பாதியில் கடைசி வண்டி போன பிறகுதான் சொந்த வீட்டுக்காரர்கள் சொந்தக் கட்டிலுக்குத் திரும்புவார்கள். விருந்தாளி வருவதும் போவதும் சனிக்கிழமைதான். பத்து மணிக்கு ஒரு குடும்பம் கிளம்ப வேண்டும், மூன்று மணிக்கு அடுத்த குடும்பம் வரும். நடுவே இருக்கும் ஐந்து மணி நேரத்தில் ஊர் முழுக்கப் பெண்கள் வாளியோடு திரிவார்கள்.

மேனாவின் புருஷன் பாஷ்கோ பதினோரு நாளாகக் கீழறையில் கிடந்தான். பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனி இங்கே வைத்திருந்து பயனில்லை என்று அனுப்பிவிட்டார்கள். நாற்பது வருஷம் கல் அறுத்து, கல் பதித்து, ஊரில் பாதி முற்றங்களுக்குத் தரை போட்டவன். அந்தத் தூசியெல்லாம் நுரையீரலில் போய் உட்கார்ந்துவிட்டது. காலையில் நர்ஸ் வந்து வலிக்கு ஊசி போட்டுவிட்டுப் போவாள். வியாழக்கிழமை பங்குச் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குத் தைலம் பூசும் அவஸ்தைப் பூசுதல் கொடுத்தார். இனி எண்ணுவதற்கு நாட்கள் இல்லை, மணிக்கணக்குதான் என்று எல்லோருக்கும் தெரியும். பாஷ்கோவுக்கும் தெரியும்.

அவன் சாவதைப் பற்றிய துக்கம் ஒரு பக்கம் இருக்க, மேனாவின் நெஞ்சை அரித்தது வேறொன்று. மேல் அறையை அவன் தன் கையால் கட்டினான், கல்யாணத்துக்காக. வரைபடத்தில் இருந்ததைவிட ஜன்னலைப் பெரிதாக வைத்தான். "இது வீடா, ஊர்க்கோவிலா?" என்று கூட வேலை செய்தவர்கள் கேலி செய்தார்கள். "என் பெண்டாட்டி படுத்துக்கிட்டே கடலைப் பாக்கணும்" என்று சொன்னானாம். கல்யாணமாகி முதல் கோடையிலேயே வண்டி பழுதாகி நின்ற ஒரு ஜெர்மன் தம்பதி வாசலில் வந்து இடம் கேட்டார்கள். ஒரு வாரம்தானே என்று அந்தக் கட்டிலை எடுத்துக் கொடுத்தது மேனாதான். அவள் கொடுத்த அந்த ஒரு வாரம் நாற்பது கோடையாக நீண்டுவிட்டது. போர் நடந்த நாலு கோடையில் விருந்தாளி யாரும் வரவில்லை. அந்த நாலு கோடையும் பாஷ்கோ துப்பாக்கியோடு மலையில் கிடந்தான். குளிர்காலத்தில் இருவரும் அந்த மேல் அறையில் படுப்பார்கள். ஆனால் அப்போது வடகாற்றுக்குப் பயந்து ஜன்னல் கதவுகளை மூடித் தாழ் போட்டிருப்பார்கள். ஆக, ஜன்னலை வைத்தவன் அந்த ஜன்னல் வழியாக ஒரு ஆகஸ்ட் மாதக் கடலைப் படுத்துக்கொண்டு பார்த்ததே இல்லை.

வியாழக்கிழமை, சாமியார் போன பிறகு, அவள் மகனிடம் கேட்டாள். ரோக்கோ துறைமுகத்தில் வேலை பார்க்கிறான். அறைகளுக்கு ஆள் பிடிப்பது, பதில் போடுவது எல்லாம் அவன் போனில்தான்.

"மேல் அறையைத் திருப்பி வாங்குடா. அப்பா அங்க இருக்கணும்."

"எப்படிம்மா? செப்டம்பர் பதினாலு வரைக்கும் ஆள் இருக்காங்க. இருக்கறவங்கள நான் எங்க அனுப்புவேன்? ஊர்ல நாய்க்கூண்டுகூடக் காலி இல்ல."

"அப்பனை விட உனக்கு அவங்க பெரிசா?"

ரோக்கோவின் முகம் சிவந்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து பாஷ்கோவின் குரல் வந்தது. "யாரையும் கிளப்பாதீங்க. அவங்க என்ன பண்ணாங்க பாவம்."

அதோடு பேச்சு முடிந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை மத்தியானம், மறுநாளுக்கான விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது மேனாவுக்குச் சட்டென்று பிடிபட்டது. பத்து மணிக்குப் போகிறார்கள். மூன்று மணிக்கு வருகிறார்கள். நடுவில் அந்த அறை யாருடையதும் இல்லை. யாருடையதும் இல்லையென்றால் அது எங்களுடையதுதானே? இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அப்படியே போய்ப் புருஷனிடம் சொன்னாள்.

பாஷ்கோ கண்ணைத் திறக்கவில்லை. தூங்கிவிட்டான் என்று நினைத்து அவள் எழுந்தபோது கேட்டான்: "தூக்கறது யாரு?"

அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

அந்த அறையை இன்று அவள் சுத்தம் செய்த வேகத்துக்குப் பேய் பிடித்தவள் என்றுதான் சொல்ல வேண்டும். மணலைக் கூட்டினாள், குளியலறையைத் தேய்த்தாள், விரிப்பை உருவி எறிந்து புதியதை விரித்தாள். செருப்பு கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது. பதினொன்றரைக்கு ரோக்கோவும், அவனுடைய ஞானத்தகப்பன் வின்கோவும் வந்துவிட்டார்கள். வின்கோ கடற்கரையில் வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிப்பவன். உடம்பு பெரிது, குரல் அதைவிடப் பெரிது. இன்றைக்கு வேலையை மச்சினன் தலையில் கட்டிவிட்டு வந்திருந்தான்.

கைப்பிடி வைத்த சமையலறை நாற்காலியில் பாஷ்கோவை உட்கார வைத்தார்கள். இடுப்பைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டினாள் மேனா.

"கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கேடா," என்றான் வின்கோ.

"மாப்பிள்ளையா இருந்தப்ப நடந்துதான் ஏறினேன்," என்றான் பாஷ்கோ. மூச்சு வாங்கியது.

இருபத்திரண்டு படி. நடுவில் ஒரு திருப்பம், அங்கே நின்று கை மாற்றிக்கொண்டார்கள். முன்பு சிமென்ட் மூட்டையை ஒரே தோளில் ஏற்றியவனைத் தூக்க இரண்டு பேருக்குச் சிரமமே இருக்கவில்லை. அதைத்தான் ரோக்கோவால் தாங்க முடியவில்லை. அவன் கண்ணைத் துடைக்கக் கை காலியாக இல்லாமல் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொள்வதைப் பின்னால் வந்த மேனா பார்த்தாள். வியாழக்கிழமை அவனிடம் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

கட்டிலில் கிடத்தி, முதுகுக்கு மூன்று தலையணை வைத்து, மேனா ஜன்னல் கதவுகளை இரண்டு பக்கமும் தள்ளித் திறந்தாள். வெயிலும் கடலும் கரையின் கூச்சலும் ஒன்றாக உள்ளே வந்தன. பாஷ்கோ கண்ணைச் சுருக்கினான். பிறகு தலையைத் திருப்பி, தன் காதுக்குப் பக்கத்தில் கிடந்ததை விரல்களால் தடவி எடுத்தான். ஒரு லாவெண்டர் கொத்து. கால்மாட்டில் இரண்டு துண்டுகள் மடித்து, அதன் மேல் காகிதம் சுற்றிய சின்ன சோப்பு. கைப்பழக்கம். சனிக்கிழமை தவறாமல் செய்வதை அவள் கை இன்றைக்கும் செய்து வைத்திருந்தது.

"எனக்குமா?" என்றான். "எத்தனை ராத்திரிக்கு ரூம் போட்டிருக்கே?"

வின்கோ சிரித்துவிட்டான், உடனே வாயைப் பொத்திக்கொண்டான். மேனாவும் சிரித்தாள், சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. சோப்பை எடுத்து மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பாஷ்கோ ஜன்னலைப் பார்த்தான். மூவரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். கரையில் குடைகள் நெருக்கியடித்து நின்றன. தண்ணீர் ஓரத்தில் பச்சை, தள்ளி நீலம், அதற்கும் அப்பால் தீவு. மிதிபடகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு திரிந்தன.

"அந்தப் பைன் மரம் பாதியை மறைக்குது," என்றான் கடைசியில். "யாரு அதை இவ்வளவு வளர விட்டது?"

"நீதான்டா. உன் மரம்தான்," என்றான் வின்கோ.

"வெட்டியிருக்கணும்." கொஞ்ச நேரம் கழித்து, "ஓ, இதுக்குத்தான் வர்றாங்களா," என்றான்.

அவன் அதைப் பாராட்டாகச் சொன்னானா, வெறுமே தெரிந்துகொண்டதைச் சொன்னானா என்று மேனாவுக்குப் புரியவில்லை. பாராட்டு என்றே வைத்துக்கொண்டாள். நாற்பது வருஷத்துப் பாரம் நெஞ்சிலிருந்து இறங்கியது போல இருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்படியே, இந்த வெளிச்சத்தில், இந்தக் காற்றில் அவன் போய்விட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டாள். அப்படி வேண்டிக்கொண்டதற்காக வெட்கப்பட்டாள், ஆனாலும் வேண்டிக்கொண்டாள்.

ஒரு மணி ஆயிற்று. கோழி சூப்பை ஸ்பூனால் கொடுத்தாள், உதடு நனைந்ததோடு சரி. பாஷ்கோவின் மூச்சில் நேற்றில்லாத ஒரு இடைவெளி வர ஆரம்பித்திருந்தது. ஒன்று வரும், பிறகு காத்திருக்க வேண்டும். இடையிடையே கண் விழித்து அறையைச் சுற்றிப் பார்த்தான். சுவரில் முன்பு அவன் அப்பாவின் படம் இருந்த இடத்தில் ரோக்கோ ஒரு பாய்மரப் படகின் படம் மாட்டியிருந்தான். ஜன்னலுக்கு மேலே ஏசி. அலமாரியின் ஒரு பக்கக் கதவுக்குப் பூட்டு, அதற்குள் அவர்களுடைய குளிர்காலத் துணிகள்.

"என்ன வாசனை இது?"

"வெயிலுக்குப் பூசிக்கறாங்களே, அந்தத் தைலம். போக மாட்டேங்குது."

"ம்," என்றான். கையை அவள் கையிலிருந்து எடுத்து, விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டான். பிறகு மறுபக்கத்தையும் நீவினான். அடுத்தவர் வீட்டுப் படுக்கையில் உட்கார நேர்ந்தவன் எழுவதற்கு முன் செய்வதைப் போல இருந்தது அது. மேனா அதைக் கவனித்தாள், ஆனால் கவனிக்காதவளாக இருந்தாள்.

இரண்டேகாலுக்கு ரோக்கோவின் போன் அதிர்ந்தது. பார்த்துவிட்டுப் பையில் போட்டான். மறுபடியும் எடுத்தான்.

"சொல்லு," என்றாள் மேனா.

"சுரங்கப்பாதையைத் தாண்டிட்டாங்களாம். ஜெர்மன்காரங்க. ரெண்டு சின்னப் பொண்ணுங்க."

"அதுக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா." ரோக்கோ தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "வந்தா நான் கீழயே நிறுத்திக்கறேன். காபி வாங்கித் தரேன், என்ன வேணா பண்றேன். அப்பா இங்கயே இருக்கட்டும். நாளைக்கும் இருக்கட்டும். அவங்களை என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன், நாங்க எங்கயாவது படுத்துக்கறோம்."

மேனா மகனின் தலையை இழுத்து நெற்றியில் முத்தமிட்டாள். அவள் எதைக் கேட்டாளோ அது கிடைத்துவிட்டது. மூன்று மணி என்ற எல்லைகூட இப்போது இல்லை.

"மேனா," என்றான் பாஷ்கோ. "என்னைக் கீழ கொண்டு போங்க."

முதலில் அவள் காதில் விழாதது போல இருந்தாள். அவன் இன்னொரு மூச்சுக்குக் காத்திருந்து, திரும்பவும் சொன்னான். "கீழ."

அப்போது மேனாவுக்கு வந்த கோபம், நாற்பது வருஷத்தில் வந்த கோபங்களை எல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு இருக்காது. எழுந்து நின்றாள்.

"சாகப் போறப்பகூட விருந்தாளிக்கு எழுந்து இடம் விடணுமா உனக்கு? வரட்டும். நிக்கட்டும். கடல்ல போய்ப் படுக்கட்டும்! இது உன் வீடு. உன் கட்டில். நீ வச்ச ஜன்னல். ஒரு நாள், ஒரே ஒரு நாள் இதுல படுத்துக்கக்கூடாதா நீ? நான்தான் குடுத்தேன், நான்தான் முட்டாள், தெரியும். நாற்பது வருஷமா தெரியும். இன்னிக்காவது என்னை அதைத் திருப்பிக் குடுக்க விடு!"

கரையில் யாரோ ஐஸ்கிரீம் கூவி விற்றுக்கொண்டு போனார்கள். தன் மனைவி இத்தனை காலம் இப்படி ஒன்றைச் சுமந்துகொண்டிருந்தாள் என்பது பாஷ்கோவுக்கு இப்போதுதான் தெரிந்தது போல. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"விருந்தாளிக்காக இல்லடி," என்றான். "நம்ம கட்டில் அங்கதானே இருக்கு."

"அது பழைய கட்டில். ரெண்டு பேருக்குப் பத்தாத கட்டில்."

"அதான்." மூச்சு. "இங்க படுத்தா யாரோ வீட்ல படுத்த மாதிரி இருக்கு. நல்லாத்தான் இருக்கு. நல்ல இடம். ஆனா யாரோ வீடு." மறுபடி மூச்சு, இந்த முறை இன்னும் தள்ளி. "கோடையெல்லாம் நாம அங்கதானே இருந்தோம். ரோக்கோ மே மாசம் பொறந்தவன். அவன் எங்க உருவானான்னு நினைக்கறே?"

ரோக்கோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வின்கோ தொண்டையைச் செருமினான், செருமல் பலமாகிவிட்டது.

மேனா நின்ற இடத்திலேயே நின்றாள். கீழறையின் அந்த ஒடுங்கிய கட்டில் அவள் கண் முன்னால் வந்தது. ஒருவர் புரண்டால் இன்னொருவரும் புரள வேண்டும். சுவரில் ஒயின் புளித்த மணம். தலைக்கு மேலே விருந்தாளிகள் நடக்கும் சத்தம் கேட்கும். இது அந்த குண்டு ஆஸ்திரியாக்காரர், இது அவர் பெண்டாட்டி பாத்ரூமுக்குப் போகிறாள், இதோ மறுபடியும் போகிறாள் என்று அவன் காதருகே சொல்வான். சத்தமாகச் சிரித்தால் மேலே கேட்டுவிடும் என்று அவள் தலையணையைக் கடித்துக்கொள்வாள். ஒவ்வொரு ஜூனிலும் மெத்தையை இறக்கும்போது அவன் விசிலடித்துக்கொண்டே இறக்குவான். தன்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் செய்கிறான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தாள். அவன் இழக்காத ஒன்றைத் திருப்பிக் கொடுக்கத்தான் அவள் இவ்வளவு பாடுபட்டிருக்கிறாள். தன் மேல் சிரிப்பும் அழுகையுமாக வந்தது அவளுக்கு. இதை ஒரு வருஷம் முன்னாலேயே கேட்டிருக்கலாம், பத்து வருஷம் முன்னாலேயே கேட்டிருக்கலாம். கேட்கத்தான் தோன்றவில்லை.

"நாற்காலியைக் கொண்டு வாங்க," என்றாள்.

இறங்குவது ஏறுவதைவிடக் கடினம். வின்கோ முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் இறங்கினான், ரோக்கோ மேலிருந்து பிடித்தான். மேனா பக்கத்தில் சுவரோரமாக நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டே வந்தாள். பாஷ்கோ கையில் அந்த லாவெண்டர் கொத்து இருந்தது, எப்போது எடுத்துக்கொண்டான் என்று தெரியவில்லை. படித்திருப்பத்தில் நாற்காலியை இறக்கிவைத்துக் கை மாற்றிக்கொள்ள நின்றார்கள். அங்கே கூரை இல்லை. வெயில் நேராக விழுந்தது. மேனா தன் கையை அவன் நெற்றிக்கு மேல் பிடித்தாள்.

அப்போதுதான் வளைவில் வண்டி திரும்பியது. தலைக்கு மேல் பெட்டி கட்டிய நீல வண்டி. வாசலுக்கு வந்து நிற்பதற்குள்ளேயே பின்கதவு திறந்துகொண்டது, இரண்டு பெண் பிள்ளைகள் வெளியே குதித்தார்கள். பெரியவள் நீச்சல் கண்ணாடியை வண்டியிலேயே நெற்றியில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

பாஷ்கோ நாற்காலியில் நிமிர்ந்தான். வலது கை எழுந்தது. வண்டிச் சத்தம் கேட்டால் வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் வெளியே வந்து அவன் தூக்கும் கை அது, வாருங்கள், வந்துவிட்டீர்களா, வழி கண்டுபிடித்தீர்களா என்று எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் கை. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. கீழே பிள்ளைகள் இருவரும் கை ஆட்டினார்கள். அவர்களுடைய அப்பாவும் வண்டிக்குள்ளிருந்து ஆட்டினார்.

கை மடியில் விழுந்தது. மேனா அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். மத்தியானத்திலிருந்து அப்படித்தானே காத்திருந்தாள், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே காத்திருந்தாள். தலை தன் பக்கம் சாய்ந்ததை முதலில் பார்த்தவன் வின்கோதான். தொப்பியைக் கழற்றினான்.

"அப்பா," என்றான் ரோக்கோ. "அப்பா. அப்பா."

கீழே பிள்ளைகள் இன்னும் கை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மேலயே கொண்டு போயிடலாம்மா," ரோக்கோ திக்கித் திக்கிப் பேசினான். "பாதிதான் இறங்கியிருக்கோம். அங்க வெளிச்சம் இருக்கு, காத்து இருக்கு. ஊர்க்காரங்க வந்து பாக்கறதுக்கு... இவங்களை நான் எப்படியாவது..."

"கீழ," என்றாள் மேனா. "அவன் சொன்னது உனக்குக் கேக்கலையா?"

தூக்கினார்கள். மீதிப் பதினோரு படிகளையும் மேனா கைப்பிடியை விடாமல் இறங்கினாள். அந்த ஜெர்மன் அம்மாள் காற்றடித்த ஒரு ரப்பர் வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கு அடியில் நின்றிருந்தாள். விஷயம் புரிந்ததும் வழிவிடச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். வளையத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். அவள் புருஷன் பிள்ளைகளைத் தன் பக்கம் இழுத்து முகங்களைத் திருப்பினார்.

ஒடுங்கிய கட்டிலில், சுவரோரம், அவன் எப்போதும் படுக்கும் பக்கத்தில் கிடத்தினார்கள். மேனா கண்களை மூடினாள். கைக்குட்டையால் தாடையைக் கட்டினாள். ஊர் வழக்கப்படி சுவர்க் கண்ணாடியை ஒரு துணியால் மறைத்தாள். வின்கோ சாமியாருக்குச் சொல்ல ஓடினான், ரோக்கோ டாக்டருக்குப் போன் செய்தான். எல்லோரும் செய்வதற்கு ஏதோ ஒன்று வைத்திருந்தார்கள். மேனா கட்டிலில் மிச்சமிருந்த ஒரு சாண் இடத்தில் பக்கவாட்டில் படுத்துக்கொண்டாள். அவன் தோள் இன்னும் சூடாகத்தான் இருந்தது. மேலே நடமாட்டம் ஏதும் கேட்கவில்லை. வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எழுந்து, உடம்பைத் துடைக்கத் தண்ணீர் எடுக்க வெளியே வந்தாள். விருந்தாளிகள் போகவில்லை, அறைக்கும் ஏறவில்லை. தோட்டத்துக் குட்டைச் சுவரின் மேல், நல்ல வெயிலில், நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த மனிதர் தொப்பியை மடியில் வைத்திருந்தார். பெரிய பெண்ணின் நெற்றியில் அந்த நீச்சல் கண்ணாடி அப்படியே இருந்தது. பன்னிரண்டு மணி நேரம் வண்டியில் வந்தவர்கள். கடல் நாற்பது அடி தள்ளி இருந்தது. சின்னவள் கடலைப் பார்ப்பாள், பிறகு அம்மாவைப் பார்ப்பாள், திரும்பவும் தன் காலைப் பார்ப்பாள்.

அந்த அம்மாள் எழுந்து வந்தாள். "நாங்க வேற இடம் பாத்துக்கறோம்," என்றாள். "தயவுசெஞ்சு எங்களைப் பத்திக் கவலைப்படாதீங்க."

"எங்க பாப்பீங்க? ஊர்ல இடம் இல்ல," என்றாள் மேனா. அவளுக்குத் தெரிந்த ஜெர்மனில் துக்கத்துக்கான வார்த்தைகள் இல்லை. நாற்பது வருஷத்தில் அவற்றுக்குத் தேவை வந்ததில்லை. துண்டு, சாவி, சூடான தண்ணீர், கடைக்குப் போகும் வழி, இவைதான் இருந்தன. "அரை மணி நேரம் குடுங்க. விரிப்பு மாத்தணும்."

"நான் மாத்தறேன்," என்றாள் அந்த அம்மாள். "விரிப்பு எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

மேனா படிக்கு அடியில் இருந்த அலமாரியைக் காட்டினாள். பிறகு சுவர்ப் பக்கம் போய்ப் பிள்ளைகளுக்கு முன் நின்றாள். பெரியவள் பயந்துபோய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மேனா குனிந்து, அந்தக் கண்ணாடியை நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறக்கி, பட்டையைக் காதுக்குப் பின்னால் சரிசெய்தாள்.

"போங்க," என்றாள். "தண்ணி இன்னிக்கு நல்லா இருக்கும்."

பிள்ளைகள் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் மேனாவைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

முதலில் மெதுவாகத்தான் நடந்தார்கள். பைன் மரத்தைத் தாண்டியதும் ஓடினார்கள். மேனா வாளியைக் குழாயடியில் வைத்துத் திறந்துவிட்டுவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோவில் பெரிய மணி பாஷ்கோவுக்காக அடிக்கத் தொடங்கியபோது அவர்கள் முழங்கால் ஆழத்தில் நின்று, சில்லென்ற தண்ணீருக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள்.